பளிக்கறையும் வர்ண யன்னலும்

மணிமேகலையின் பளிக்கறை பற்றி இத்தொடரிலே பேசியதன் பின்னர், வெள்ளவத்தையிலிருந்து நேயர் ஒருவர் அஞ்சலட்டை எழுதியிருந்தார். பளிக்கறை என்பது தேவாலயங்களிலே நாம் காணும் வர்ணக் கண்ணாடி யன்னல் போன்ற ஒன்றுதானா, அப்படியாயின் அந்தக் கலை நமது கோயில்களுக்கு ஏன் வராமற் போயிற்று என்பது அவரது கேள்வி. நான்கே வரிகளிற் கேட்டுவிட்டார். பதில் சொல்வதற்கு நான் வளர்ந்த கொம்பனித்தெரு வீட்டின் முன்கதவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தமிழாசிரியன் ஒருவன் கண்ணாடி வேலையைப் பற்றிப் பேச அந்தக் கதவைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை.

முதலிற் பளிக்கறை. உவவனத்திற் பூக்கொய்யச் சென்ற மணிமேகலையை, உதயகுமரன் வருவதறிந்து, சுதமதி அங்கிருந்த பளிங்கு மண்டபத்தினுள்ளே புகுத்துகிறாள். உள்ளிருப்பவரின் உருவத்தை வெளியே காட்டும், குரலை வெளியே விடாது என்பதே அந்த மண்டபத்துக்குச் சாத்தனார் சொல்லும் இலக்கணம். அரசகுமாரன் வெளியே நிற்கிறான். உருவம் தெரிகிறது, அணுக முடியவில்லை. ஆக, அது வெளியே நிற்பவன் உள்ளே பார்ப்பதற்கான சுவர். தேவாலய யன்னலோ இதற்கு நேர்மாறானது. வீதியில் நின்று பார்ப்பவனுக்கு அது கறுத்த கோடுகள் ஓடும் அழுக்குக் கண்ணாடி, அவ்வளவுதான். உள்ளே போய், வெயிலை அதன் முதுகில் வைத்துப் பார்ப்பவனுக்கே அது படமாகிறது. நமது காப்பியக் கண்ணாடி உள்ளே இருப்பவளைக் காட்டிக்கொடுக்கிறது. இவர்களது கண்ணாடி வெளியே உள்ள எதையும் காட்டாது; அங்கிருந்து வெளிச்சத்தை மாத்திரம் எடுத்துக்கொள்கிறது.

எங்கள் வீடு, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. வாடகை வீடு. முன்கதவு நிலைக்கு மேலே, விசிறியை விரித்து வைத்தாற்போல அரைவட்டமாக ஒரு சிறு யன்னல். ஏழு துண்டுக் கண்ணாடிகள். நீலமும் பச்சையும் மஞ்சளும் இரு பக்கமும் ஒத்திருக்க, நடுவிலே மட்டும் வெறுங் கண்ணாடி. கதவு மேற்குப் பார்த்தது. பின்னேரம் நான்கு மணி கழிந்ததும் அந்த நிறங்கள் சீமெந்துத் தரையில் இறங்கி, மெல்ல மெல்ல நகர்ந்து, எதிர்ச்சுவரிலுள்ள சுவாமி படங்கள் வரை ஏறும். நடுவிலே ஒரு வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளையும் அமைப்பிலே சேர்ந்தது என்றுதான் பத்துப் பன்னிரண்டு வயது வரை எண்ணியிருந்தேன்.

அது சிவப்பாக இருந்த இடம். 1983 யூலையில் ஒரு கல் வந்து விழுந்து உடைந்தது. எனக்கு அப்பொழுது மூன்று வயது. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தாரின் சமையலறையில் இரண்டு இரவுகள் இருந்தோம் என்பதும், நான் அழாமலிருக்க அவர்கள் சீனி போட்ட பாண் தந்தார்கள் என்பதும் அம்மா சொல்லித் தெரிந்தவையே. திரும்பி வந்தபோது வீட்டில் வேறெதுவும் பெரிதாகப் பழுதாகவில்லையாம். அப்பா உடைந்த சிவப்பில் பெரிய சில்லொன்றை எடுத்து ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் வைத்தார். கண்ணாடிக் கடையிற் சிவப்பு இல்லை என்றார்கள். இப்போதைக்கு இது இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று வெறுங் கண்ணாடியைப் போட்டார். அந்தப் 'பிறகு' இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது.

2011இல் நான்தான் அந்தச் சில்லைக் கடதாசியிற் சுற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் சிறிய கடை. அங்கிருந்த பெரியவர் இளமையிலே தேவாலய யன்னல்கள் திருத்தும் வேலைக்கு உதவியாளாகப் போனவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். சில்லை வாங்கினார். முகப்பைப் பார்க்கவேயில்லை, ஓரத்தைத் திருப்பி வெளிச்சத்திற் பிடித்தார்.

"சேர், இது வெள்ளைக் கண்ணாடி" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஓரத்தப் பாருங்க. மேலே ஒரு தோல் மட்டுந்தான் செவப்பு."

பார்த்தேன். உண்மைதான். கண்ணாடியின் பருமன் முழுவதும் நிறமற்றிருக்க, ஒரு பக்கத்திலே மட்டும் மயிரிழை போலச் சிவப்புப் படலம். இதற்குக் காரணம் உண்டு. செம்பினாற் சிவப்பாக்கிய கண்ணாடி மிகக் கடுமையான நிறமுடையது. முழுப் பருமனுக்கும் சிவப்பாகவே வார்த்தால் வெளிச்சம் புகாமற் கறுத்துப்போகும். ஆகவே உருகிய வெள்ளைக் கண்ணாடிமீது சிவப்பை மெல்லியதாகப் போர்த்தி ஊதி விரிப்பார்கள். ஐரோப்பியர் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்ட உத்தி இது. அந்தத் தோலை ஆங்காங்கே சுரண்டினாற் சிவப்பின் நடுவிலேயே வெள்ளைப் பூ வரும் என்பது இதனாற் கிடைத்த இலாபம்.

ஏனைய நிறங்களும் உலோகங்கள் தருபவையே. கோபால்ற் நீலம் தரும். இரும்பு பச்சை தரும். மங்கனீசு ஊதா தரும். செம்பு மாத்திரம் இரட்டை வேடக்காரன்: சூளையிற் காற்றோட்டம் தாராளமாக இருந்தாற் பச்சையோ இளநீலமோ ஆகும், காற்றை அடக்கினாற் சிவப்பாகும். நிறம் கண்ணாடியின் உள்ளே இருக்கிறது, மேலே பூசப்பட்டதன்று. வர்ண யன்னலைப் பற்றிய முதற் பாடம் இதுவே. தூரிகையால் நிறம் தீட்டிய கண்ணாடி என்றே நம்மிற் பலர் நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு நிறமும் தனித்தனித் துண்டு. நீலச் சேலைக்கு நீலத் துண்டு, பச்சைப் புல்லுக்குப் பச்சைத் துண்டு. இவற்றைப் பிணைத்து நிறுத்துவது ஈயம்.

பெரியவர் ஈயப் பட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'எச்' எழுத்துப் போலிருக்கும். இரண்டு பக்கமும் காடி. ஒரு காடியில் ஒரு கண்ணாடி, மறு காடியில் அடுத்த கண்ணாடி. நடுத்தண்டு ஒன்றரை மில்லிமீற்றர் வரை பருமன். வேலையின் நுட்பம் முழுவதும் இந்த ஒன்றரை மில்லிமீற்றரில் இருக்கிறது என்றால் மிகையன்று. ஏனெனில் நூறு துண்டுகள் உள்ள பலகத்தில் ஒவ்வொரு துண்டும் அரை மில்லிமீற்றர் கூடினால், கடைசித் துண்டு சட்டத்துக்குள் இறங்காது.

வேலை நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டடத்துக்குப் போய் யன்னற் குழியை அளந்து, அது எந்தத் திசை பார்த்தது, எதிரே மரமா மதிலா என்று குறித்துக்கொள்வார்கள். சிறிய அளவில் நிறப்படம் வரைந்து ஒப்புதல் பெறுவார்கள். பின்னர் யன்னலின் முழு அளவுக்கே ஒரு படம். அதிலே ஈயம் ஓடவேண்டிய கோடுகளைத் தடித்து வரைவார்கள். அந்தக் கோடுகளின் வழியே கடதாசி அச்சுகளை வெட்டுவதற்கு இரட்டைக் கத்தரி ஒன்று உண்டு. ஈயத்தின் நடுத்தண்டுக்குரிய மெல்லிய நாடாவை அது தானே கழித்துவிடும். அச்சைக் கண்ணாடிமேல் வைத்துச் சிறு சில்லாற் கீறி, தட்டி, முறிப்பார்கள். முகம், விரல், துணி மடிப்பு ஆகியவற்றை இரும்புத் துருவும் அரைத்த கண்ணாடியும் கலந்த கருமையால் வரைந்து, ஏறக்குறைய 650 பாகை செல்சியசிற் சூளையிலிட்டால் அது கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். பிறகு மேசைமீது இரு பக்கம் மரச்சட்டம் அடித்து, மூலையிலிருந்து தொடங்கி, துண்டு, ஈயம், துண்டு, ஈயம் என்று அடுக்கிச் செல்வார்கள். அசையாமலிருக்கக் குதிரை லாட ஆணிகள் குத்துவார்கள். ஈயங்கள் சந்திக்கும் இடங்களிற் பற்றாசு வைத்து ஒட்டுவார்கள். இறுதியில், ஆளிவிதை எண்ணெயும் சோக்குத் தூளும் கரியும் குழைத்த சாந்தை ஈயத்தின் அடியிலே தேய்த்து இறுக்கினால் மழைநீர் புகாது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியோபிலஸ் என்ற துறவி எழுதிய கைவினை நூலொன்று உண்டு. அவர் சொல்லும் முறைக்கும் பெரியவர் சொன்னதற்கும் அதிக வேறுபாடில்லை. தியோபிலஸ் கடதாசிக்குப் பதிலாகச் சோக்கு பூசிய பலகையிற் படம் வரைந்தார். சில்லுக்குப் பதிலாகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் கண்ணாடியைப் பிளந்தார். வரைகின்ற மையை வைனிலோ சிறுநீரிலோ குழைக்கச் சொல்கிறார். இதைச் சொன்னபோது எங்கள் உயர்தர வகுப்பு பத்து நிமிடம் அடங்கவில்லை.

ஆங்கிலேயர் இந்த யன்னலுக்கு இட்ட பெயரின் நேர்ப்பொருள் 'கறைபட்ட கண்ணாடி' என்பது. ஒரே ஒரு நிறத்துக்குத்தான் அப்பெயர் உண்மையிற் பொருந்தும். வெள்ளிச் சேர்மம் ஒன்றைக் கண்ணாடியின் முதுகிலே பூசிச் சூளையில் வைத்தால், வெள்ளி உள்ளே இறங்கி மஞ்சட் கறையாகும். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிற் பரவிய உத்தி. அதன் பின்னர் ஒரே வெள்ளைத் துண்டில் முகமும் பொன்முடியும் ஈயமின்றிச் சேர்ந்து வரலாயின. கறை அழகாவது நமக்குப் புதிதன்று. சிவனைக் கறைமிடற்றன் என்று புகழ்ந்த மொழி நமது மொழி.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். நிறங்கள் தத்தம் எல்லைக்குள்ளே அடங்கியிருப்பதில்லை. தூர நின்று பார்க்கையில் நீலம் பக்கத்து நிறங்களின்மேல் வழியும். சிவப்பு தன் இடத்திலேயே நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நீலத்தை அடக்குவதற்கு அதன் மீது கருங்கோலம் இடுவார்கள், அல்லது சுற்றி ஈயத்தைத் தடிப்பாக்குவார்கள். மெல்லிய வெயிலுள்ள நாட்டுக்குச் செய்த யன்னலைக் கொழும்பின் வெயிலில் நிறுத்தினால் இந்தக் கணக்கெல்லாம் தவறக்கூடும். அன்றியும், ஏப்ரில் முற்பகுதியிலும் ஓகஸ்ற் இறுதியை ஒட்டியும் சூரியன் நமது தலைக்கு நேரே வருகிறது. நடுப்பகலில் வெயில் கூரையில் விழும், யன்னலில் விழாது. நமது நாட்டில் வர்ண யன்னலுக்கு உயிர் காலையிற் கிழக்கிலும் பின்னேரத்தில் மேற்கிலுமே.

இந்தியப் பயணமொன்றில் மேதக் பேராலயத்தைப் பார்க்கக் கிடைத்தது. ஹைதராபாத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர். பஞ்ச காலத்திலே மக்களுக்கு வேலையும் சோறும் கொடுப்பதற்காகச் சார்ள்ஸ் வோக்கர் பொஸ்நெற் என்ற போதகர் தொடங்கிய கட்டடம் அது. 1924 டிசெம்பர் 25இல் திறக்கப்பட்டது. உள்ளே மூன்று பெரிய யன்னல்கள். மூன்றையும் வரைந்தவர் லண்டன் ஓவியர் பிராங்க் சாலிஸ்பரி. மன்னர்களையும் அமெரிக்க ஜனாதிபதிகளையும் உருவப்படமாக வரைந்து புகழ்பெற்ற இவர், சிறுவனாயிருந்தபோது தமது தமையனாரின் வர்ண யன்னற் பட்டறையிலே தொழில் பழகியவர். கிறிஸ்துவின் விண்ணேற்றத்தைக் காட்டும் யன்னல் 1927இல் வந்தது. பிறப்பைக் காட்டுவது 1947இல். சிலுவைப்பாட்டைக் காட்டுவது 1958இல். முதல் யன்னலுக்கும் மூன்றாவதற்கும் இடையே ஒரு பேரரசு போய்விட்டது. நான் முதலில் வெளியே சுற்றிவந்து, எங்கே அந்த யன்னல்கள் என்று கேட்டேன். உள்ளே அழைத்துச் சென்று திருப்பி நிறுத்தினார்கள்.

யார் வரைந்தார், யார் செய்தார் என்பதும் இக்கலையில் ஒரு வழக்கு. பெரும்பாலும் ஒருவர் வரைவார், பலர் வெட்டுவார்கள், கோப்பார்கள்; பெயர் ஒன்றுதான் நிற்கும். இங்கிலாந்தின் யோர்க் பேராலயத்துக் கிழக்குப் பெருயன்னலுக்கு 1405இல் எழுதிய ஒப்பந்தத்தில், ஜோன் தோன்ரன் என்ற கலைஞர் மூன்று ஆண்டுகளில் வேலையை முடிக்க வேண்டும், படங்களைத் தமது சொந்தக் கையாலேயே வரைய வேண்டும், கூலி 56 பவுண் என்று கண்டிருக்கிறது. 1408இல் முடித்தார். ஒரு டெனிஸ் மைதானத்தின் பரப்பு, 311 பலகங்கள். அண்மைக் காலத்தில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றித் திருத்தினார்கள். பத்தாண்டு வேலை 2018இல் நிறைவெய்தியது. பழுது பார்த்த கதைதான் எனக்கு வியப்பு. முன்னைய நூற்றாண்டுகளில் வெடித்த கண்ணாடிகளை ஒட்ட வேறு வழியின்றி, வெடிப்பின் மேலெல்லாம் புதிய ஈயம் ஓட்டியிருந்தார்கள். முகங்களின் குறுக்கே கறுப்புக் கோடுகள் பெருகி, படம் வலைக்குள் அகப்பட்டது போலாயிற்று. இப்போது நிறமற்ற பசையால் ஒட்டி அந்த ஈயங்களை எடுத்திருக்கிறார்கள்.

நேயரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வர்ணக் கண்ணாடி செய்யும் அறிவு நம்மிடம் இல்லாமலிருக்கவில்லை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலும், நமது மன்னார்ப் பக்கம் திருக்கேதீச்சரத்தை அண்டிய மாந்தையிலும், கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து நறுக்கிச் சிவப்பு, நீலம், பச்சை மணிகள் செய்தார்கள். அவை தென்கிழக்காசியா வரை போயின. மாந்தையில் ஜோன் காஸ்வெல் தலைமையில் 1980இல் தொடங்கிய அகழ்வு 1984இல் யுத்தச் சூழலால் நின்றது. ஆகக் குறைந்தது, சூளையிற் செம்பைச் சிவப்பாக்கும் வித்தை நமது கரையிற் பழகிய வித்தையே. அது கழுத்துக்குப் போனது, சுவருக்குப் போகவில்லை.

காரணம் காலநிலை என்பேன். குளிர்நாட்டில் வெளிச்சம் வேண்டும், காற்று வரக்கூடாது. ஆகவே கண்ணாடி. நமக்குக் காற்று வேண்டும், வெயில் வரக்கூடாது. ஆகவே திண்ணை, முற்றம், மரச்சட்ட யன்னல். கோயிலிலோ கருவறைக்கு வெளிச்சமே தேவையில்லை. அங்கே தீபந்தான் காட்ட வேண்டியதைக் காட்டுகிறது. இருட்டை வைத்துக்கொண்டு ஒரு சுடரை ஏற்றுவது ஒரு முறை. சுவரைத் திறந்து வெயிலுக்கு நிறமூட்டுவது இன்னொரு முறை. இதிலே உயர்வு தாழ்வு பேச ஒன்றுமில்லை. வெப்ப நாட்டார் எவருமே இதைச் செய்யவில்லை என்றும் சொல்லக்கூடாது. யெமன் நாட்டில் ஈயத்துக்குப் பதிலாக வெண்சாந்துச் சட்டத்தில் வர்ணக் கண்ணாடி பதித்து வீட்டு யன்னல் செய்கிறார்கள். செட்டிநாட்டு மாளிகைகளின் வளைவுகளிலும் பெல்ஜியத்துக் கண்ணாடி உண்டு. எங்கள் கொம்பனித்தெருக் கதவு இந்தக் குடும்பத்தின் மிக ஏழையான உறவு: ஈயமில்லை, எழுத்துமில்லை, மரக்காடியில் ஏழு துண்டு.

கொட்டாஞ்சேனைப் பெரியவர் மூன்று மாதம் தேடி, இடித்த பங்களா ஒன்றின் சிவப்பை எடுத்து வைத்திருந்தார். எங்கள் சில்லோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார்; வேறுபாடு சொல்ல முடியவில்லை. அளவுக்கு வெட்டித் தந்தார். காசு வாங்க மறுத்து, பிறகு பாதி வாங்கினார்.

அப்பாவுக்கு அப்பொழுது எழுபத்தாறு வயது. அதை வாங்கி வாசலிற் போய் வெயிலிற் பிடித்துப் பார்த்தார். "நல்ல சிவப்பு" என்றார். திருப்பி என் கையிலே தந்துவிட்டார்.

"போடுறதில்லையா அப்பா?"

"இருக்கட்டும்."

நான் விடவில்லை. இருபத்தெட்டு வருடம் தேடிய பொருள் அல்லவா என்றேன். அவர் மாடிப்படியைக் காட்டினார். "அஞ்சாம் படியிலை ஏறி நிண்டு பார்."

ஏறி நின்றேன். கண்கள் அந்த அரைவட்டத்துக்கு நேரே வந்தன. நீலத்திலும் பச்சையிலும் ஒன்றும் தெரியவில்லை. நடுவிலே வெள்ளைத் துண்டினூடாக ஒழுங்கையின் வாயில் முழுவதும் தெரிந்தது. ஒரு முச்சக்கர வண்டி நின்றது. அதன் சாரதி பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அதாலைதான் ஆர் வாறாங்க எண்டு தெரியும்" என்றார் அப்பா.

ஒவ்வொரு இரவும் படுக்கப் போகுமுன் அப்பா அந்தப் படியிற் சற்று நின்றுவிட்டுத்தான் மேலே போவார். முழங்கால் வலி என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

2014இல் அந்த ஒழுங்கை முழுவதும் காலியாக வேண்டியதாயிற்று. அரைவட்டத்தை நிலையோடு கழற்றிக்கொண்டு வந்தேன். இப்போது நாங்கள் இருக்கும் தொடர்மாடி வீட்டில் கதவுக்கு மேலே கொங்கிறீற், யன்னல்கள் அலுமினியம். எங்கேயும் அது பொருந்தவில்லை. மேற்குப் பக்கத்து அறையிற் புத்தக அலுமாரிக்கு மேலே, சுவரோடு அல்லாமல் யன்னலோடு சாய்த்து வைத்திருக்கிறேன். அப்பா 2016இல் காலமானார். பழைய சில்லும் புதிய துண்டுமாகச் சிவப்பு இரண்டும் அந்தப் பிஸ்கற் தகரத்துக்குள் இருக்கின்றன.